ரேடியோவில் கர்ர் என்கிறதா? வீட்டு வயரிங்கைப் பாருங்கள்

"செட் கெட்டுப்போய்விட்டது, ஒரே இரைச்சல்" என்ற புகாரோடு என்னிடம் வரும் 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்ட் (பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அலைவரிசை) கருவிகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கின்றன. ஆண்டெனாவைக் கழற்றி, அந்த இடத்தில் டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதிலாக நிற்கும் மின்தடை) மாட்டி, பேட்டரியில் ஓடவிட்டால் மெல்லிய 'உஸ்' மட்டும்தான் கேட்கும். அதே கருவி வீட்டுக்குப் போய்க் கூடத்து மேசையில் அமர்ந்ததும் மறுபடி கர்ர் என்று ஆரம்பித்துவிடுகிறது. உடனே உரிமையாளர், மெல்லிய ஒலிகளை அடைத்துவிடும் ஸ்குவெல்ச் குமிழைத் திருகி ஏற்றிவைக்கிறார். சத்தம் அடங்கிவிடும், தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல்களும் சேர்ந்தே அடங்கிவிடும். தோப்பில் இருப்பவர் தொண்டை வறளக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார், இங்கே ஒன்றும் கேட்காது. இன்னும் சிலர் பூஸ்டர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். குரலை எவ்வளவு பெரிதாக்குமோ இரைச்சலையும் அவ்வளவே அது பெரிதாக்கும். காசு போனதுதான் மிச்சம்.

இந்த அலைவரிசைக்குப் பிறவித் தொல்லை ஒன்று உண்டு. நம் நாட்டில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட் சக்திக்குள், உரிமம் இல்லாமல் பேசலாம் என்பது 2005-ல் வந்த விதி. (அமெரிக்கச் செட்டின் 40 சேனல்களில் 27-க்கு மேற்பட்டவை இந்த எல்லைக்கு வெளியே போய்விடுகின்றன. வெளிநாட்டுச் செட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.) அந்த எண்களைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். 27.120-ஐ நடுவில் வைத்து இருபுறமும் 0.163 விட்டால் சரியாக அதே எல்லைகள் வரும். தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சர்வதேச அளவில் ஒதுக்கப்பட்ட பட்டை அது. பிளாஸ்டிக் தாள்களை ஒட்டும் உயர் அதிர்வெண் வெல்டிங் இயந்திரமும், பிசியோதெரபி நிலையங்களில் உடலுக்குள் சூடேற்ற வைக்கும் ஷார்ட்வேவ் டயாதெர்மியும் இதே 27.12-ல்தான் ஓடுகின்றன. அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒண்டி உட்கார்ந்துதான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது, பிறர் இடையூறிலிருந்து பாதுகாப்பும் கோர முடியாது என்பதே இந்த உரிம விலக்கின் நிபந்தனை. எனவே இரைச்சல் வந்தால் நாமேதான் தேடிப் பிடிக்க வேண்டும். தேடினால் பெரும்பாலும் அது நம் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிடுங்கள். கைக்கருவி என்றால் இன்னும் நல்லது. இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மெயின் சுவிட்சை அணையுங்கள். சத்தம் நின்றால் கள்ளன் வீட்டுக்குள் இருக்கிறான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மெயினை அணைத்த மறுகணம் நம் வீடுகளில் இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளும். விளக்கு, மின்விசிறி, வைஃபை ரவுட்டர் எல்லாம் அதில் தொடர்ந்து ஓடும். சத்தம் அப்படியே இருக்க, "வெளியிலிருந்துதான் வருகிறது" என்று முடிவு கட்டி, எதிர்வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. இன்வெர்ட்டரையும் அணைத்தால்தான் வீடு அணைந்ததாகக் கணக்கு. ரவுட்டருக்குத் தனியாகச் சிறிய யு.பி.எஸ். வைத்திருந்தால் அதையும் அணையுங்கள். பல நேரங்களில் அந்த இன்வெர்ட்டரேதான் இரைச்சலுக்கு மூலமாக இருக்கும்.

பிறகு மெயினைப் போட்டுவிட்டு, டி.பி. பாக்ஸில் (மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்துவிடும் பெட்டி) எம்.சி.பி. எனும் தானியங்கி சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஒருவர் பெட்டியருகே, ஒருவர் செட்டருகே. எந்தப் பிரிவை இறக்கும்போது சத்தம் நிற்கிறதோ அந்த அறைக்குப் போய், அங்கிருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே எடுக்க வேண்டும். நம் ஊரில் பல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் மாட்டப்பட்டிருக்கிறது, அணைத்தாலும் ஃபேஸ் கம்பி பொருளோடு இணைந்தே இருக்கும்.

சத்தத்தை வைத்தே ஆளை ஓரளவு அடையாளம் காணலாம். மிக்ஸி, தையல் மோட்டார், கை டிரில் போன்ற கார்பன் பிரஷ் வைத்தவை ஓடும்போது மட்டும் கிறீச்சிடும். ஓட்டம் நின்றால் நின்றுவிடும். அவற்றை நான் பொருட்படுத்துவதில்லை, சட்னி அரைத்து முடிந்தால் தீர்ந்தது. பழைய எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரின் உறுமல், குமிழைத் திருகத் திருக மாறும். ஓயாமல் ஊதுவது அடாப்டர் இனம்: சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், எல்.இ.டி. விளக்கின் டிரைவர், ரிமோட்டில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறி, மின்ஸ்கூட்டர் சார்ஜர், மாடியிலுள்ள சோலார் இன்வெர்ட்டர். இவற்றின் உள்ளே மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டிக்கப்பட்டு இணைக்கப்படுகிறது. 65 கிலோஹெர்ட்ஸில் இது நடந்தால் அதன் மடங்குகள் 27 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறிவரும். சேனலை மாற்றிக்கொண்டே போனால் ஆறேழு சேனலுக்கு ஒருமுறை இரைச்சல் எழும்பி அடங்குவதைக் கேட்கலாம். கருவி சூடேறச் சூடேற அந்த மேடுகள் மெதுவாக நகரும். நகர்கிறது என்றாலே அடாப்டரைச் சந்தேகியுங்கள்.

மலிவான 12 வோல்ட் அடாப்டர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். 230 வோல்ட் உள்ளே நுழையும் இடத்தில் பச்சைப் பலகையின் மேல் ஒரு சுருளின் படம் வெள்ளை மையில் அச்சடிக்கப்பட்டிருக்கும், பக்கத்தில் எல்.எஃப்.1 என்ற எழுத்து. சுருள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கம்பித் துண்டுகளைக் குறுக்கே போட்டு ஈயம் வைத்திருப்பார்கள். அதையடுத்து சி.எக்ஸ்.1 என்று குறித்த இரு துளைகள் வெறுமனே இருக்கும். இரைச்சல் கம்பி வழியே வெளியேறாமல் தடுப்பதற்கென்றே வடிவமைத்தவர் அந்தச் சுருளுக்கும் மின்தேக்கிக்கும் இடம் விட்டிருக்கிறார். செலவைக் குறைத்தவர் கம்பியைப் போட்டு மூடிவிட்டார். மின்கம்பி வழியே வெளியேறும் இத்தகைய இரைச்சலுக்கு, 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, சி.ஐ.எஸ்.பி.ஆர். என்ற சர்வதேசக் குழுவின் வரம்புகள் இருக்கின்றன. 1934-லேயே அந்தக் குழு தொடங்கிவிட்டது. தெருக்கடை அடாப்டருக்கு அதெல்லாம் தெரியாது. பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவெண் இருக்கிறதே என்பார்கள். அந்தப் பதிவு முதன்மையாக மின்னதிர்ச்சி, தீ ஆகியவற்றிலிருந்து பாதுகாப்புப் பற்றியது. ரேடியோவின் அமைதிக்கு அது பொறுப்பேற்காது. ஆனால் விலை குறைந்ததெல்லாம் இரைச்சல் போடும் என்றும் சொல்ல முடியாது. சுவிட்சிங் இல்லாமல் எளிய சுற்றில் எரியும் சில மலிவு எல்.இ.டி. பல்புகள் ரேடியோவுக்கு முழு அமைதியாக இருக்கின்றன.

இதில் கம்பியின் நீளத்துக்கும் பங்குண்டு. 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 11 மீட்டர். கால் அலை 2.75 மீட்டர், ஒன்பது அடி. சுவர் பிளக்கிலிருந்து மேசை வரை ஓடும் எக்ஸ்டென்ஷன் கம்பியை அளந்து பாருங்கள், அநேகமாக அந்த நீளத்தில்தான் இருக்கும். இரைச்சலை ஒலிபரப்ப அதைவிடத் தோதான ஆண்டெனா வேண்டியதில்லை.

பொருளைக் கண்டுபிடிக்கக் கைக்கருவியையே மோப்பத்துக்குக் கொண்டுபோகலாம். ஸ்குவெல்ச்சை முழுதாகத் திறந்து, ஏ.எம். முறையில் வைத்துக்கொண்டு நடங்கள். பக்கத்தில் போனதும் எல்லாத் திசையிலும் ஒரே இரைச்சலாகக் கேட்கும். அப்போது ஆண்டெனாவைக் கழற்றிவிட்டால் ஒரு முழத்துக்குள் இருப்பது மட்டும்தான் கேட்கும். ஆண்டெனா இல்லாத நேரத்தில் பேசும் பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள், செட்டின் கடைசி டிரான்சிஸ்டர் போய்விடும். பழைய மத்திய அலை டிரான்சிஸ்டர் ரேடியோ வீட்டில் கிடந்தால் அதுவும் நல்ல துணை. அதன் உள்ளே ஆண்டெனாவாக இருக்கும் கருநிற ஃபெரைட் கோலின் முனை இரைச்சலின் மூலத்தை நோக்கும்போது சத்தம் குறையும். இரண்டு இடங்களில் நின்று ரேடியோவைச் சுழற்றி, சத்தம் குறையும் திசைகளைக் குறித்துக்கொண்டால் அவை எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பது தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னது தொந்தரவு. இனி வருவது ஆபத்து. இந்தக் கட்டுரையை எழுதியதே இதற்காகத்தான்.

அடாப்டரின் ஊதல் சீராக இருக்கும். இளகிய இணைப்பில் தாவும் மின்பொறியின் சத்தம் அப்படி இருக்காது. கரகரப்பாக, விட்டு விட்டு, சில நேரம் தீய்வது போலப் பொரியும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உச்சம் தொடும். இளகிய இணைப்பின் இடைவெளியைப் பொறி தாண்டுவது அந்த உச்சங்களை ஒட்டித்தான் என்பதால் 100 ஹெர்ட்ஸ் உறுமல் ஒன்று அடியில் கேட்கும். ஏசி, இஸ்திரிப் பெட்டி, கெய்சர் என்று பெரிய சுமை ஏறும்போது சத்தம் வந்து, சுமை போனதும் போய்விட்டால், உங்கள் வயரிங்கில் எங்கோ திருகு இளகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் இரவில் மட்டும் இரைச்சல். ஏசி போட்டதும் வரும். இன்வெர்ட்டர் ஏசி என்பதால் அதன் மின்சுற்றுதான் காரணம் என்று அவரே முடிவு செய்துவைத்திருந்தார். அதே பாயிண்ட்டில் ஏசியை எடுத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை மாட்டினேன். இஸ்திரிப் பெட்டிக்குள் எந்த எலக்ட்ரானிக்ஸும் இல்லை, வெறும் சூடேற்றும் கம்பி. ஆனாலும் ரேடியோ அதே குரலில் பொரிந்தது.

"தம்பி, ரேடியோவைப் பார்க்கத்தானே கூப்பிட்டேன், பிளக் பாயிண்ட்டை ஏன் கழற்றுகிறீர்கள்?"

"ரேடியோ இதைத்தான் சார் காட்டுகிறது. மெயினை அணைத்துவிட்டு வாருங்கள், சேர்ந்தே பார்க்கலாம்."

பிளேட்டைக் கழற்றியதும் கருகிய மீன்வாடை அடித்தது. சூடேறிய பிளாஸ்டிக்குக்கு அப்படி ஒரு வாடை உண்டு. நியூட்ரல் முனையின் திருகு இளகி, கம்பி தொட்டும் தொடாமலும் நின்றது. கம்பியின் உறை ஒரு விரல்நுனி அளவுக்குப் பழுப்பேறி, லேசாக வளைத்ததும் பொடியாக உதிர்ந்தது. பாயிண்ட்டின் பின்புறம் தேநீர்க் கறை நிறத்தில் வட்டம். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று புதுப் பாயிண்ட் போலத்தான் இருந்தது.

"எம்.சி.பி. இருக்கிறதே, அது விழுந்திருக்காதா?" என்று அவர் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். எம்.சி.பி. அளவுக்கு மீறிய மின்னோட்டத்துக்கு விழும். ஆர்.சி.சி.பி. கசிவுக்கு விழும். இளகிய திருகில் ஓடுவது அளவான மின்னோட்டம், கசிவும் இல்லை. இரண்டுமே வாய் திறக்காது. பொறியைக் கண்டறியும் தனிச் சாதனம் நம் வீடுகளில் அரிது. மேசையில் இருக்கும் ஏ.எம். செட் அந்த வேலையைப் பைசா வாங்காமல் செய்கிறது.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் மீட்டர் பலகையிலேயே நியூட்ரல் இளகினால் விளைவு இன்னும் மோசம். நியூட்ரல் அறுந்த நிலையில் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையிலான 400 வோல்ட், சுமைக்கு ஏற்றபடி கருவிகள் மேல் பங்கிட்டு விழும். சில விளக்குகள் பளிச்சென்றும் சில மங்கியும் எரிய, கூடவே ரேடியோ கரகரத்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மின்பணியாளரை அழையுங்கள். மீட்டர் பலகையில் நீங்களே திருகுளி வைக்க வேண்டாம்.

அடாப்டர் இரைச்சலுக்குத் திரும்பினால், சிறந்த மருந்து அதைத் தூக்கிப்போட்டு நல்லதாக ஒன்று வாங்குவது. முடியாதபோது, கம்பி வழியே வரும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது. பழைய கணினித் திரையின் கேபிளில் குண்டாக ஒன்று இருக்குமே, அதுவும் உதவும். புதிதாக வாங்குவதானால் 31 அல்லது 43 எண் கலவை என்று கேளுங்கள். வளையத்தை ரேடியோவின் பக்கம் மாட்டிவிட்டுப் பலனில்லை என்பவர்கள் அதிகம். மாட்ட வேண்டியது இரைச்சல் பிறக்கும் பொருளை ஒட்டி. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே வளையத்துக்குள் விட வேண்டும், ஏனென்றால் வெளியேறும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே திசையில்தான் ஓடுகிறது. ஒரு முறை நுழைத்தால் போதாது. சுற்றின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கினால் வருவதே இரைச்சலுக்கான தடை: மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது மடங்கு. உலோக உடலோடு விற்கும் மெயின்ஸ் ஃபில்டர் நல்லதுதான், எர்த் சரியாக இருந்தால். எர்த் குழியில் கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

வீடு முழுவதும் அணைந்த பிறகும் சத்தம் இருந்தால் வெளியே போகலாம். 13, 14 சேனல்களை ஒட்டித் தடித்த உறுமல் ஒன்று கால் மணி நேரம் ஓடி, நின்று, மறுபடி ஓடினால் அருகில் எங்காவது டயாதெர்மி நடக்கிறது. அதற்கு அந்தப் பட்டையில் முழு உரிமை உண்டு. நாம்தான் ஓரத்துச் சேனலுக்கு ஒதுங்க வேண்டும். பக்கத்து வீட்டு அடாப்டர் என்றால் ஒரு ஃபெரைட் வளையத்தோடு கதவைத் தட்டுங்கள், சட்டம் பேசாதீர்கள்.

மின்கம்ப இரைச்சல் வறண்ட நாளில் கூடும், நல்ல மழை அடித்ததும் குறைந்துவிடும். காற்று வீசும்போது விட்டு விட்டு வந்தால் ஏதோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. கைக்கருவியோடு தெருவில் நடந்து, சத்தம் உச்சமாகும் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பதும், கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். இருட்டிய பிறகு தள்ளி நின்று அதே கம்பத்தின் இன்சுலேட்டர்களைப் பாருங்கள். நீலப் பொறி தெரிந்தால் தேதி, நேரம், கம்ப எண் மூன்றையும் போட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மனுவில் ரேடியோவைப் பற்றி ஒரு வரி போதும், பொறியைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.