காய்ந்த ரொட்டி வேறு, பழைய ரொட்டி வேறு

நான் முதன்முதலில் செய்த ஸ்டஃபிங், கரண்டியை விட்டு இறங்க மறுத்தது. நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை, அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங் விருந்து நாள். நண்பர் வீட்டில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. வான்கோழி அவர்கள் பொறுப்பு, ஸ்டஃபிங் என் பொறுப்பு. சமையல் குறிப்பில் 'ஒரு நாள் பழைய ரொட்டி' என்று போட்டிருந்தது. விருந்துக்குப் போய் யாராவது பழைய ரொட்டி எடுத்துப் போவார்களா? அன்று காலை வாங்கிய ரொட்டியை, அமுக்கினால் பஞ்சு மாதிரி எழும்பி வருவதை, துண்டு போட்டுக் கோழி சூப்பை ஊற்றிக் கிளறினேன். கிடைத்தது களி. திருவாதிரைக் களியாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அதில் பதம் இருக்கும்.

ஸ்டஃபிங் என்பது வான்கோழிக்குப் பூரணம். ரொட்டித் துண்டுகள், வெண்ணெயில் வதக்கிய வெங்காயமும் செலரித் தண்டும், சேஜ் இலை, சூப், முட்டை எல்லாவற்றையும் கலந்து பறவையின் வயிற்றுக் குழிக்குள் அடைத்து ஓவனில் வைப்பது பழைய வழக்கம். தனித் தட்டில் போட்டு வேகவைப்பவர்களும் ஏராளம். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் மக்காச்சோள ரொட்டியில் செய்து 'டிரெஸ்ஸிங்' என்பார்கள். பென்சில்வேனியா டச்சு எனப்படும் ஜெர்மன் வம்சாவளியினர் வீடுகளில் உருளைக்கிழங்கு சேரும், பெயர் 'ஃபில்லிங்'. நியூ இங்கிலாந்துக் கடலோரத்தில் சிப்பிகூடப் போடுவார்கள். பெயரும் சேர்மானமும் மாறினாலும் ரொட்டியில் செய்கிற இடத்தில் எல்லாம் வேலை ஒன்றுதான்: ஓட்டை ஓட்டையாக இருக்கும் ரொட்டியை வயிறு முட்டச் சாறு குடிக்க வைக்க வேண்டும், ஆனால் அது குலைந்து போகக் கூடாது.

என் தவறு எங்கே என்று தேடப் போனபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்தக் குறிப்பும் பாதிதான் சரி. ரொட்டி பழையதாவதும் காய்வதும் இரண்டு தனித்தனி வேலைகள்.

1852-ல் ழான் பாப்டிஸ்ட் பூசாங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஈரம் வெளியே போகவே முடியாதபடி ரொட்டியைக் காற்றுப்புகாமல் மூடி வைத்தார். அப்படியும் ரொட்டி விறைத்துப் பழையதானது. அதையே 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் மறுபடி மென்மையானது. தண்ணீர் போனதால்தான் ரொட்டி விறைக்கிறது என்றால் இப்படி நடக்க வழியே இல்லை.

நடப்பது மாவுச்சத்துக்குள். மாவு வேகும்போது மாவுச்சத்து மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி, உள்ளே ஒழுங்காக அடுக்கியிருந்த மூலக்கூறுச் சங்கிலிகள் கலைந்து போகின்றன. அதுதான் புது ரொட்டியின் மென்மை. ஆறிய பிறகு, அந்தச் சங்கிலிகள் மெல்ல மெல்லத் திரும்ப அணிவகுத்து இறுகுகின்றன. குளிர்பெட்டியின் 4 டிகிரி அளவில் இது மிக வேகமாக நடக்கும். ரொட்டியைக் குளிர்பெட்டியில் வைத்தால் பூஞ்சை வரத் தாமதமாகும், ஆனால் வெளியே வைப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துவிடும்.

இது நமக்குப் புதிய சேதி இல்லை. சுடச்சுட இட்லியை உதிர்த்துப் பாருங்கள், கையில் பிசுபிசுவென்று ஒட்டும். அதே இட்லியை ராத்திரி குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் எடுத்தால் உதிரி உதிரியாக விழும், இட்லி உப்புமாவுக்கு வாகாக இருக்கும். மறுபடி ஆவியில் வைத்தால் பழையபடி மெத்தென்று ஆகிவிடும். இட்லியில் இருந்த தண்ணீர் அங்கேயேதான் இருந்தது, சங்கிலிகள்தான் இறுகி இளகின.

இப்போது ஸ்டஃபிங்குக்கு வருவோம். வெறுமனே பழையதான ரொட்டியில் தண்ணீர் குறையவில்லை. விறைப்பாக இருப்பதால் கிளறும்போது கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். சூப் ஊற்றி ஓவனில் வைத்து 60 டிகிரியைத் தாண்டியதும் அந்த விறைப்பும் போய்விடும். நமக்கு வேண்டியது உண்மையிலேயே தண்ணீர் வெளியேறிய ரொட்டி.

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 450 கிராம் வெள்ளை ரொட்டி. ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான துண்டுகளாக வெட்டித் தட்டில் பரப்பி, 135 டிகிரி ஓவனில் முக்கால் மணி நேரம், நடுவில் இரண்டு முறை கிளறிவிட்டேன். வெளியே எடுத்தபோது 310 கிராம். நிறம் அதிகம் மாறவில்லை. 140 கிராம் தண்ணீர் ஆவியாகியிருந்தது. ஒரு துண்டை எடுத்து மேசையில் தட்டினால் டக்கென்று சத்தம். விரலால் அமுக்கினால் நசுங்காமல் நொறுங்கியது.

அந்த 'டக்'கில்தான் விஷயம் இருக்கிறது. ரொட்டியின் காற்றறைகளைச் சுற்றி குளூட்டன் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்த மெல்லிய சுவர்கள் இருக்கின்றன. தண்ணீர் இருக்கும்வரை அவை ரப்பர் போல வளையும். முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் போய்விட்டால் கண்ணாடி போல ஆகிவிடும். அப்பளம் பொரிந்த பிறகு உடைகிறதே, அதே நிலைதான். இந்த விறைத்த சுவர்கள் அறைகளைத் திறந்தே வைத்திருக்கும். சூப்பை ஊற்றியதும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, அந்த நுண்ணிய அறைகள் சாற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுவர் இளகுவதற்குள் அறை நிரம்பிவிடும். புது ரொட்டியில் சுவர் முதலிலிருந்தே தொளதொளவென்று இருப்பதால் கரண்டி பட்டதும் அறைகள் அமுங்கும், சாறு வெளியே நிற்கும், மாவு கரைந்து பசையாகும். நான் செய்த களியின் கதை இதுதான்.

310 கிராம் ரொட்டி அரை லிட்டர் சூப்பைக் குடித்தது. அதாவது இழந்த தண்ணீரைப் போல மூன்று மடங்குக்கு மேல். இழந்தது வெறும் தண்ணீர், உள்ளே போனது உப்பும் மணமும் ஜெலட்டினும் உள்ள சாறு. எனக்கு இந்த வியாபாரம் பிடித்திருக்கிறது.

துண்டின் அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இதை வைத்தே ஒரு பெரிய தொழில் எழுந்தது. ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ரூத் சீம்ஸ் என்ற மனையியல் வல்லுநரும் சக ஊழியர்களும் சேர்ந்து உருவாக்கிய 'ஸ்டோவ் டாப்' உடனடி ஸ்டஃபிங் 1972-ல் கடைக்கு வந்தது. 1975-ல் காப்புரிமை கிடைத்தது. சுடுநீர் ஊற்றினால் சில நிமிடங்களில் தயார் என்று சொல்வது எளிது. துண்டு பொடியாக இருந்தால் கண நேரத்தில் குழைந்துவிடும், பெரிதாக இருந்தால் வெளிப்பக்கம் ஊறி நடு மொறுமொறுவென்றே நிற்கும். உலர்ந்த ரொட்டித் துண்டின் அளவையும் உள்ளறை அமைப்பையும் சரியாகப் பிடித்ததுதான் அந்தக் காப்புரிமையின் உயிர். அட்டைப் பெட்டி ஸ்டஃபிங்கைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்த அம்மாள் மீது மரியாதைதான்.

அடுத்து மணம். வெங்காயத்தையும் செலரியையும் வெண்ணெயில் நிதானமாக வதக்குவார்கள், சிவக்க விடுவதில்லை. செலரியின் மணத்துக்குக் காரணம் தாலைடுகள் என்ற சேர்மங்கள். அவற்றுக்குத் தனியாகப் பெரிய ருசி கிடையாது, சூப்பின் இறைச்சிச் சுவையைத் தூக்கிக் காட்டுவதுதான் அவற்றின் வேலை. வெந்த வெங்காயத்திலும் கந்தகம் கொண்ட ஒரு சேர்மம் உருவாகி, இறைச்சிச் சாறு போன்ற வாசனையைத் தருகிறது. சேஜ் இலையின் மணப்பொருள்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும், அதனால் அதை வெண்ணெயில் போட வேண்டும், சூப்பில் அல்ல. கறிவேப்பிலையைத் தாளிப்பில் போடுகிற அதே நியாயம். பாஸ்டனில் 1867 முதல் விற்கும் 'பெல்ஸ்' மசாலாப் பொடியில் சேஜ், ரோஸ்மேரி, தைம் எல்லாவற்றோடும் இஞ்சியும் இருக்கிறது. நம் சுக்கு அங்கேயும் போய் உட்கார்ந்திருப்பது தெரிந்தபோது சிரிப்பு வந்தது.

முட்டை, ஒட்டுவதற்கு. 450 கிராம் ரொட்டிக்கு இரண்டு போதும். அதன் புரதங்கள் சூப்போடு சேர்ந்து மெல்லிய வலையாக இறுகித் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். மக்காச்சோள மாவில் குளூட்டன் கிடையாது என்பதால் அங்கே முட்டை இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். வதக்கியதன் கொதிப்பு தணிந்த பிறகே முட்டையைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் முட்டைப் பொடிமாஸ் ஆகிவிடும்.

சரி, கலவை தயார். இதை எங்கே வேகவைப்பது? இங்கேதான் அமெரிக்கக் குடும்பங்களில் வருடா வருடம் சண்டை வரும். பறவைக்குள் வைத்தால்தான் ருசி என்று பாட்டிகள் சொல்வார்கள், தட்டில் வை என்று பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். இயற்பியல் பேரப்பிள்ளைகள் பக்கம்.

வான்கோழி உள்ளே போகும்போது பச்சை. அதிலிருந்து வழியும் சாறு ரொட்டிக்குள் இறங்கும், அதோடு சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்களும் இறங்கலாம். அதனால் அமெரிக்க வேளாண்மைத் துறை, ஸ்டஃபிங்கின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும் என்கிறது. ஆனால் வெப்பம் ஓவன் காற்றிலிருந்து முதலில் தோல், பிறகு தடித்த இறைச்சி, பிறகு எலும்புக்கூடு என்று கடந்துதான் ரொட்டிக்கு வர வேண்டும். இப்படிக் கடத்தலால் வெப்பம் உள்ளே போகும்போது, தூரம் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். குழியின் நடுதான் அத்தனை வழியிலும் கடைக்கோடி வீடு. அது 74-ஐத் தொடும்போது வெளியே இருக்கும் மார்புக்கறி 80-ஐத் தாண்டியிருக்கும். மார்புக்கறியில் 66 டிகிரிக்கு மேல் ஆக்டின் என்ற புரதம் சுருங்கத் தொடங்கி, ஈரத்துணியைப் பிழிவது போல இறைச்சியின் சாற்றைப் பிழிந்து வெளியேற்றும். 80-ல் அந்தக் கறி மரத்தூள். ஸ்டஃபிங்கைப் பத்திரமாக்கினால் கறி கெடும், கறியைக் காப்பாற்றினால் ஸ்டஃபிங் ஆபத்து.

அதே துறையின் அட்டவணையில் இது நேரமாகவே தெரிகிறது. 163 டிகிரி ஓவனில், 12 முதல் 14 பவுண்டு எடையுள்ள, அதாவது ஆறு கிலோ அளவுள்ள வான்கோழிக்கு வயிறு காலியாக இருந்தால் 3 முதல் மூன்றே முக்கால் மணி நேரம். அடைத்திருந்தால் மூன்றரை முதல் 4 மணி நேரம்.

பாட்டி பேச்சைத் தட்ட முடியாது என்பவர்களுக்கு வழி இருக்கிறது. கலவையைச் சூடாகச் செய்து, ஓவனில் வைக்கப்போகும் நிமிடத்தில் தளர்வாக அடைக்க வேண்டும். பறவையின் எடையில் ஒரு பவுண்டுக்கு முக்கால் கோப்பைக்கு மேல் வேண்டாம், ஊறும்போது உப்பும். முந்தைய இரவே அடைத்துக் குளிர்பெட்டியில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்க்காமல் யாருக்கும் பரிமாறவும் கூடாது.

நான் தட்டுக்காரன். பறவைக்குள் கிடைக்கும் ருசி என்பது ஜெலட்டினும் கொழுப்பும் கலந்த சாறுதான். வான்கோழியின் கழுத்தையும் சிறகு நுனியையும் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டு எடுத்த சூப்பில் அந்த இரண்டும் இருக்கின்றன. தட்டில் வைத்தால் இன்னொரு லாபம்: தண்ணீர் இருக்கும்வரை எந்த உணவும் 100 டிகிரியைத் தாண்டாது, சிவந்து மொறுமொறுப்பாவதற்கு ஏறக்குறைய 140 வேண்டும். குழிக்குள் எப்போதும் ஈரம், அங்கே மொறுமொறுப்புக்கு வழியே இல்லை. தட்டில் முதல் அரை மணி அலுமினியத் தாளால் மூடி உள்ளே வேகவிட்டு, பிறகு திறந்துவிட்டால் மேற்பரப்பு காய்ந்து பொன்னிறமாகும். விருந்தில் முதலில் காலியாவது அந்த மேல்தட்டுதான். வீட்டுப் பிள்ளைகள் ஓரத்துத் துண்டுக்காகப் போடும் சண்டை, அடிசோற்றுக்கு நாங்கள் போட்ட சண்டைக்குச் சளைத்ததல்ல.

(போகிற போக்கில் ஒன்று. மெக்சிகோவில் பழக்கப்பட்ட இந்தப் பறவையை டச்சுக்காரர்கள் 'கல்கூன்' என்கிறார்கள். 'கோழிக்கோட்டுக் கோழி' என்று அர்த்தம். பிரெஞ்சிலும் துருக்கியிலும் அதன் பெயரில் இந்தியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆளாளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தப்பாக நினைத்ததன் மிச்சம்.)

மிச்சம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சாப்பாடு முடிந்ததும் பாத்திரத்தை மூடி மேசையிலேயே விட்டுவிட்டுப் பேச உட்காருவது விருந்துகளின் வழக்கம். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமைக்கும் சூட்டில் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்து மளமளவெனப் பெருகும். ஸ்டஃபிங் போன்ற கனமான பொருளின் நடு வெகு நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பிக் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும்.

மறுநாள் காலையில் அது கட்டியாக விறைத்திருக்கும். இறுகிய சங்கிலிகள்தான் மறுபடி. வில்லை வில்லையாக வெட்டித் தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க வைத்தால், வெளியே முறுகி, உள்ளே 60-ஐத் தாண்டி இளகிவிடும். எங்கள் வீட்டில் அதன் மேல் ஒரு பொரித்த முட்டையும் மிளகாய்ப் பொடியும் உண்டு.