படத்தை இழுத்துச் சுற்றினால் கெல்டிக் முடிச்சு ஆகாது

அயர்லாந்தின் டப்ளினில் பச்சை குத்தும் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த வாடிக்கையாளரைத் தெரியும். டிரினிட்டி கல்லூரியில், துறவிகள் எழுதி வரைந்த பழைய கையெழுத்துச் சுவடியான கெல்ஸ் நூலைப் பார்த்துவிட்டு, அன்று பிற்பகலே கைப்பேசியில், இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிச் செல்லும் ஒரு கெல்டிக் முடிச்சுப் படத்துடன் வந்து, "இதைக் கையைச் சுற்றிப் போட்டுவிடுங்கள், மாலையில் விமானம்" என்பார். அவரையாவது திருப்பி அனுப்பிவிடலாம். வேறெங்கோ அப்படிப் போட்டுக்கொண்டு, சரிசெய்யச் சொல்லி வருபவரை என்ன செய்வது? அண்மையில் வந்த ஓர் இளைஞரின் மேல்கையைச் சுற்றிய பட்டையில் இரு முனைகளும் ஒரு விரற்கடை ஏறி இறங்கிச் சந்தித்திருந்தன. சந்தித்த இடத்தில் நான்கு இழைகள் எதனோடும் சேராமல் அறுந்து நின்றன. இத்தகைய கைகளை வேண்டிய மட்டும் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

கை உருளை வடிவம் அன்று; மேலே பருத்துக் கீழே சிறுக்கும். நேரான பட்டையை அதில் சுற்றினால் முனைகள் ஏறுமாறாகத்தான் சேரும் என்பதால், பட்டையை வில்லைப் போல் வளைத்தே வரைய வேண்டும். அடுத்தது சுற்றளவு. பட்டை அமையும் இடம் 30 செ.மீ., படத்திலுள்ள முடிச்சின் நீளம் 4 செ.மீ. என்றால் அது ஏழரை முறைதான் வரும்; அரை முடிச்சு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றையும் 3.75 செ.மீ. ஆக்கினால் எட்டு முடிச்சுகள் சரியாக மூடும். இவ்வளவு சிறிய கணக்கையும் செய்யாமல் ஊசியை எடுக்கிறார்கள்.

என்னை மிகவும் எரிச்சலூட்டுவது, "பாதியை வரைந்து மென்பொருளில் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டினால் போதும்" என்ற நம்பிக்கை. வாடிக்கையாளர்கள் மட்டுமல்லாமல் தொழிலில் இருப்பவர்களும் இதைச் சொல்கிறார்கள். போதாது, ஒருபோதும் போதாது. முடிச்சின் உயிர், ஓர் இழை ஒரு சந்திப்பில் மேலே சென்றால் அடுத்ததில் கீழே செல்வது என்ற ஒழுங்கில் இருக்கிறது. பிம்பமாகப் புரட்டும்போது கோடுகள் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் மேல்கீழ் முறை எதிர்த்திசைக்கு மாறிவிடும். ஆகவே இடப்பாதியும் வலப்பாதியும் சேரும் நடுக்கோட்டில் ஏதாவது ஓர் இழை அடுத்தடுத்து இருமுறை மேலேயோ இருமுறை கீழேயோ சென்றே தீரும். ஒரே பின்னலாக இணைந்த முடிச்சு எதுவும் இதற்கு விலக்கன்று. இருபுறமும் ஒத்த தோற்றம் வேண்டுமானால் கோட்டை மட்டும் புரட்டிக்கொண்டு, மேல்கீழைத் தொடக்கத்திலிருந்து கையால் போட வேண்டும், குறுக்குவழி இல்லை.

அப்படியானால் உடலுக்கேற்ப எப்படி மாற்றுவது? இந்த முடிச்சுகள் சாதாரணப் பின்னலில் சில சந்திப்புகளை வெட்டி மறுபடி இணைப்பதால் பிறப்பவை என்பதைத் தொல்லியலாளர் ஜே. ரோமில்லி ஆலன் 1904இல் வெளிவந்த தம் நூலிலேயே விளக்கிவிட்டார். எனவே வளைய வேண்டியது முடிந்த படம் அன்று, அதற்கு அடியிலுள்ள கட்டம். சிக்குக் கோலம் போடுபவர்களிடம் இதைச் சொல்லத் தேவையில்லை. புள்ளிகளை இடம் மாற்றாமல் கம்பியை மட்டும் இழுத்தால் என்னவாகும் என்று அவர்களுக்குத் தெரியும். தோள் குமிழுக்கு வட்டக் கட்டம், மணிக்கட்டை நோக்கிச் சிறுத்துச் செல்லும் கட்டம் என்று உடலிலேயே புள்ளி வைத்துத் தொடங்குகிறேன். "முடிவில்லாத ஒரே இழை வேண்டும்" என்பவர்களுக்கும் கட்டமே விடை சொல்லும்: எளிய செவ்வகப் பின்னலில் 3க்கு 4 புள்ளிகள் என்றால் ஒரே இழை, 4க்கு 6 புள்ளிகள் என்றால் இரண்டு இழைகள். இந்த முடிச்சு காதல், அந்த முடிச்சு தாய்மை என்ற பட்டியல்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அவற்றை வரைந்த துறவிகள் அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை.

கெல்ஸ் நூலின் பக்கம் ஏறத்தாழ 33 செ.மீ. உயரமும் 25 செ.மீ. அகலமும் கொண்டது. அதன் நுண்ணிய வேலைப்பாடு கன்றுத்தோலில் பன்னிரண்டு நூற்றாண்டுகளாக நிற்கிறது என்பதற்காக, உயிருள்ள தோலில் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிக் கேட்பது பொருந்தாது. நம் தோலில் கோடு ஆண்டுக்காண்டு தடிக்கும். இழைகளுக்கு நடுவே இடைவெளி இல்லையென்றால் பத்தாண்டுகளில் முடிச்சு போய்க் கறைதான் மிஞ்சும். சிறிய இடமா? முடிச்சுகளைக் குறையுங்கள், இழையைக் குறைக்காதீர்கள்.

ஊசிக்கு வழிகாட்டத் தோலில் படத்தைப் பதிக்கும் தாளான ஸ்டென்சிலை, உங்களைப் படுக்க வைத்து ஒட்ட விடாதீர்கள். இயல்பாக நின்று, கையைத் தொங்கவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். முன்கையில் மணிக்கட்டுப் பக்கத்துத் தோல் உள்ளங்கையோடு சேர்ந்து திரும்பும், முழங்கைப் பக்கம் அவ்வளவாகத் திரும்பாது. மேசைமேல் நேராகத் தெரிந்த பட்டை எழுந்து நின்றதும் முறுக்கிக்கொள்ளும். தயவுசெய்து ஊசி படுவதற்கு முன் ஏதாவது ஓர் இழையை விரலால் தொடர்ந்து, மேலே, கீழே, மேலே என்று கடைசிவரை சொல்லிப் பாருங்கள். எங்காவது தடுமாறினால் அழித்துவிட்டு மறுபடி வரையச் சொல்லுங்கள். வரைய இன்னொரு நாள் கேட்டால் கொடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் பேரம் பேசாதீர்கள்.