அந்த மேடு ஸ்பின்னுடையதுதானா?

ஒற்றை எலக்ட்ரானின் ஸ்பின்னை, அதாவது அதைச் சிறு காந்தமாக்கும் பண்பை, படம் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குக் கவலை வருகிறது. கடுங்குளிரில் மெல்லிய கான்டிலீவரை, அதாவது ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட நுண்பட்டையை, அதிரவிட்டு விசை அளப்பது என் தொழில். திரையில் எங்களுக்குத் தெரிவது படமன்று, இரைச்சலுக்கு மேல் எழும் சிறு மேடு. அதை நம்பலாமா என்று சோதிப்பதில்தான் எங்கள் உழைப்பின் பெரும்பங்கு போகிறது.

ஸ்பின் ஒரு காந்தத்தின் மேல் செலுத்தும் விசையைக் கான்டிலீவரால் அளக்கலாம் என்று ஜான் சிடில்ஸ் 1991இல் முன்வைத்த யோசனையை, ஐபிஎம் அல்மேடன் ஆய்வகத்தில் டான் ருகர் குழு 2004இல் ஒற்றை எலக்ட்ரான் வரை கொண்டுபோனது. 100 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் கான்டிலீவர், அதன் நுனியில் காந்தத் துகள். நுனியைச் சுற்றியுள்ள மெல்லிய பரப்பொன்றில் இருக்கும் ஸ்பின் மட்டுமே மைக்ரோவேவுடன் ஒத்ததிரும். கான்டிலீவர் ஆடும்போது அந்தப் பரப்பு ஸ்பின்னைக் கடந்து போய்வர, ஸ்பின்னும் தலைகீழாகித் திரும்பும். அப்போது எழும் விசை சுமார் 2 அட்டோநியூட்டன். ஒரு நியூட்டனைக் கோடி கோடியாலும் பிறகு பத்தாயிரத்தாலும் வகுத்தால் வருவது ஒரு அட்டோநியூட்டன்.

ஒரு புள்ளிக்கு 13 மணி நேரம் சராசரி எடுத்தார்கள். சராசரி என்றாலும் நேரடியாகக் கூட்ட முடியாது. ஸ்பின்னின் திசை தாறுமாறாக மாறுவதால் கூட்டல் பூஜ்ஜியத்தில் முடியும். ஆகவே சமிக்ஞையின் வர்க்கத்தைக் கூட்ட வேண்டும். ஆபத்தும் இங்கேதான்: இரைச்சலின் வர்க்கமும் எப்போதும் நேர்மதிப்பே. மாதிரியின் மேற்பரப்பில் தங்கிய மின்னூட்டமோ மைக்ரோவேவ் தரும் வெப்பமோ மேடுபோல் உருவெடுத்துவிடும்.

அதற்கு அவர்கள் கண்ட வழியை நான் இன்றும் வியக்கிறேன். மைக்ரோவேவைச் சீரான இடைவெளியில் சற்றே நிறுத்தினார்கள். ஒவ்வொரு நிறுத்தமும் ஸ்பின்னின் திசையைப் புரட்டும். இரண்டு நிறுத்தங்களுக்கு ஒரு முழுச்சுற்று என்பதால், ஸ்பின்னின் சமிக்ஞை நிறுத்த அதிர்வெண்ணின் பாதியில் வரும். மைக்ரோவேவ் நேராகக் கிளப்பும் கோளாறோ நிறுத்த அதிர்வெண்ணிலேயே நின்றுவிடும். இதற்கும் மேல் ஒரு சோதனை: வெளிக் காந்தப்புலத்தை மாற்றினால் மேடும் கணக்குப்படி இடம் பெயர வேண்டும். அவர்களுடையது பெயர்ந்தது. பெயராத மேட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் ஏற்கமாட்டேன்.

ஹைட்ரஜனின் அணுக்கருவான புரோட்டானின் காந்தத் திருப்புத்திறன், அதாவது காந்த வலிமை, எலக்ட்ரானுடையதில் சுமார் 658இல் ஒரு பங்குதான். 2009இல் வெளிவந்த புகையிலைத் தேமல் வைரஸின் முப்பரிமாண உருவம்கூட எண்ணற்ற புரோட்டான்களின் கூட்டு விசையை அளந்து, கணக்கிட்டு மீட்டது. ஆகவே ஒற்றை அணுக்கருவின் விசையை அளந்தோம் என்று யாரேனும் சொன்னால் முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு நேரச் சராசரி, ஸ்பின் இல்லாத வெறும் மேற்பரப்பில் என்ன வந்தது, புலத்தை மாற்றியபோது மேடு எங்கே போனது?