பார்சலில் வரும் துப்பாக்கி: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் கவனத்துக்கு

நியூஜெர்சியில் குடியேற்ற வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். பெற்றோர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் ஒரு கேள்வி: "பையன் ஆன்லைனில் ஏதோ துப்பாக்கிப் பாகம் வாங்கியிருக்கிறான். முழுத் துப்பாக்கி இல்லையே, பிரச்சினை வருமா?" வரும். எவ்வளவு பெரிதாக வரும் என்பது நீங்கள் எந்த மாநிலத்தில், எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற நிறுவனம் தயாரிக்கும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி சிக்கினால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள மத்திய அரசு மையம் அந்த எண்ணை வைத்து, தயாரித்தவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று வரிசையாக விசாரித்து முதலில் வாங்கியவரிடம் போய்ச் சேரும். எண்ணே இல்லையென்றால் விசாரணை தொடங்கவே வழியில்லை. ஆனால் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் செய்துகொள்வதற்கு எண் வேண்டும் என்று மத்திய சட்டம் கேட்பதில்லை. இந்த ஓட்டையில்தான் 'கோஸ்ட் கன்' எனப்படும், எண் இல்லாத துப்பாக்கிகளின் வியாபாரம் வளர்ந்தது. பாதி முடித்த பாகங்கள், எந்தப் பின்னணி சோதனையும் இல்லாமல், பார்சலில் வந்து இறங்கின. 2017-இல் காவல்துறைகள் தடம் கண்டறிய அனுப்பிய இத்தகைய துப்பாக்கிகள் சுமார் 1,600. 2021-இல் 19,000-க்கும் மேல்.

2019 நவம்பரில் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டாவில், சாகஸ் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் இரண்டு மாணவர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். வயது 16. கையில் இருந்தது 'கிட்' எனப்படும் பாகங்களின் தொகுப்பை வாங்கிப் பொருத்திய துப்பாக்கி. அந்த வயதில் எந்தக் கடையும் அவனுக்குக் கைத்துப்பாக்கி விற்றிருக்காது.

இந்த கிட்டுகளையும் துப்பாக்கியாகவே கருத வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அதை ஏற்றது. சரி, முடிந்தது என்று பலரும் நினைத்துவிட்டார்கள். முடியவில்லை. அந்த விதி முக்கியமாக விற்பவர்களைக் கட்டுப்படுத்துவது. வீட்டில் த்ரீடி பிரிண்டரில் செய்பவரைப் பிடிப்பது மாநிலச் சட்டம்தான், அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எண் இல்லாத துப்பாக்கி செய்யப் பாகங்கள் வாங்குவதையே நியூஜெர்சி 2018-இல் குற்றமாக்கியது. துப்பாக்கியை த்ரீடி பிரிண்டரில் செய்ய உதவும் கணினி ஃபைலை உரிமம் இல்லாதவருக்கு அனுப்புவதும் இங்கே குற்றம். கலிபோர்னியாவில் செய்யத் தொடங்கும் முன்பே மாநில நீதித்துறையிடம் எண் வாங்க வேண்டும். டெக்சஸில் இப்படி ஒரு மாநிலச் சட்டமே இல்லை. ஆக, டாலஸில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு பெட்டி, வேலை மாறி நியூஜெர்சியின் எடிசன் நகருக்குக் குடிவரும்போது வீட்டுச் சாமானோடு வந்தால் சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

நம்மவர்கள் அதிகம் கவனிக்காதது விசா விஷயம். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் (வேலை, அவர்களின் குடும்பம், படிப்பு) இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி நீங்களாக முடிவெடுக்காதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் அதுவே நாடு கடத்தப் போதுமான காரணம். எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தீர்கள், எவ்வளவு குறைந்த தண்டனை கிடைத்தது என்பதெல்லாம் அந்தப் பிரிவுக்குப் பொருட்டில்லை. கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் வாழ்க்கை ஒரே பார்சலில் கவிழ்வதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

வீட்டில் அப்படி ஏதாவது கண்ணில் பட்டால், பதறிப்போய்க் குப்பையில் போடாதீர்கள், நண்பரிடம் கொடுத்துவைக்காதீர்கள், காரில் வைத்து நீங்களே காவல் நிலையத்துக்கு ஓட்டிப் போகவும் வேண்டாம். கொண்டுபோவதும் கைமாற்றுவதும் தனித்தனிக் குற்றங்கள் ஆகலாம். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அறையைப் பூட்டிவிட்டு, முதலில் ஒரு குற்றவியல் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். எப்படி ஒப்படைப்பது என்பதை அவர் காவல்துறையிடம் பேசி ஏற்பாடு செய்வார். நீங்கள் குடியுரிமை பெறாதவர் என்பதை அந்த முதல் அழைப்பிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.