உறுதியில எத்தின அடி எண்டு பாக்கிறதை விட்டிட்டு, இரும்புக் கட்டை எங்க நிக்குதெண்டு பாருங்கோ

நான் காணி அளக்கிற சேர்வேயர். போன சனிக்கிழமை ரொறன்ரோவில, ஸ்காபரோப் பக்கம் ஒரு வீட்டுக் காணியை அளக்கப் போனன். பின்வளவில பாகற்கொடி பந்தலில ஏறி நிக்குது, வடிவான கொடி, காயும் நல்லாத் தொங்குது. பந்தலுக்கு ஒரு மூலையில முட்டுக் குடுத்திருக்கிறது ஒரு சதுர இரும்புக் கம்பி. கிட்டப் போய்ப் பாத்தா தலைப்பில பெயின்ற் உரிஞ்சு கிடக்கு, பக்கத்தில நம்பர் குத்தியிருக்கு. எனக்கு வயித்துக்க ஏதோ செய்தது. அண்ணை, இதை எங்கால எடுத்தனீங்கள் எண்டு கேட்டன். "வேலிக்குக் குழி கிண்டேக்க குறுக்க வந்தது தம்பி, நல்ல இரும்பு, ஏன் எறிவான் எண்டு வச்சிட்டன்" எண்டார், சிரிச்சுக்கொண்டு.

இந்த வருஷம் இது நாலாவது. அதால இருந்து எழுதுறன், கொஞ்சம் ஏச்சு விழும், கோவிக்காதேங்கோ.

அது கம்பி இல்லை, உங்கட காணியின்ர மூலை. ஒன்ராறியோவில சேர்வேயர் நடுற இரும்பு ரெண்டு மூண்டு சைஸில வரும், பெருசு 25 மில்லிமீற்றர் சதுரம், நாலு அடி நீளம், சின்னது ரெண்டு அடி. தலைப்பு நில மட்டத்தில இருக்கும், இல்லாட்டி புல்லுக்குக் கீழ போயிருக்கும், அதில குத்தியிருக்கிற நம்பர் ஆர் நட்டதெண்டு சொல்லும். அதை வேணுமெண்டு பிடுங்கிறது கனடாக் குற்றவியல் சட்டத்தில குற்றம், 5 வருஷம் வரைக்கும் சிறை போட இடமிருக்கு. பாகற்காய்க்காக ஒருத்தரும் உள்ள போகமாட்டினம் எண்டு எனக்கும் தெரியும். ஆனா 1798ல இந்த மாகாணத்தில போட்ட சட்டத்தில, டவுன்ஷிப் எல்லைக்கு நட்ட கல்லை வேணுமெண்டு புடுங்கினா மரண தண்டனை. அந்த அளவுக்கு அவங்களுக்கு இது உயிர் விஷயமா இருந்திருக்கு, ஏனெண்டு கீழ சொல்லுறன்.

எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறதுதான் எனக்கு விசராக் கிடக்கு. ஊரில வேலிச் சண்டை பாக்காத ஆள் ஆர் இருக்கினம்? ஒவ்வொரு வருஷமும் வேலி அடைக்கேக்க கதியாலை ஒரு சாண் அங்கால தள்ளிப் போட்டு, அடுத்த வருஷம் இன்னொரு சாண், பேந்து பூவரசு வேர் விட்ட பிறகு "இது எங்கட அப்பு காலத்தில இருந்து இஞ்சதான் நிக்குது" எண்டு சத்தியம் பண்ணுறது. கோர்ட்டு, கச்சேரி எண்டு முப்பது வருஷம் அலைஞ்ச குடும்பங்களை எனக்கே தெரியும். அந்த ஊரில பிறந்தவை இஞ்ச வந்து எல்லைக்கட்டையை முட்டுக்கு வச்சிருக்கினம்.

சரி, என்னை ஆக மெத்தக் கோவப்படுத்துற கதைக்கு வாறன். அளந்து முடிச்சுப் பேப்பரைக் குடுத்த உடன ஒரு கேள்வி வரும், பத்துப் பேரில எட்டுப் பேர் கேப்பினம்: "தம்பி, காணி உறுதிப் பத்திரத்தில 50 அடி எண்டு கிடக்கு, நீர் 49 அடி 7 இஞ்சி எண்டுறீர், மிச்சம் அஞ்சு இஞ்சி எங்க? பக்கத்து வீட்டுக்காரன் எடுத்திட்டான் என்ன?" இல்லை. ஒருத்தரும் எடுக்கேல்லை. உங்கட காணி எண்டு சொல்லுறது பேப்பரில இருக்கிற இலக்கம் இல்லை, முதல் முதல் நிலத்தில நட்ட கட்டைகளுக்கு நடுவில கிடக்கிற மண். கட்டையும் பேப்பரும் சண்டை பிடிச்சா கட்டைதான் வெல்லும். திருப்பிச் சொல்லுறன், கட்டைதான். இந்த மாகாணத்துச் சேர்வேச் சட்டமே, முதல் நட்டு நிறுவின கோடு பிழையா இருந்தாலும் அதுதான் உண்மையான கோடு, ஒருத்தரும் மாத்தேலாது எண்டுதான் சொல்லுது. காணிப் பதிவுச் சட்டத்திலயும், பதிவில இருக்கிற விவரணம் எல்லைக்கோ பரப்புக்கோ முடிவான சாட்சி இல்லை எண்டு தெளிவா எழுதியிருக்கு. லோயர்மார் இதை வீடு வாங்கேக்க சொல்லமாட்டினம், ஆருக்கு நேரம் இருக்கு.

ஏன் இப்பிடி ஒரு சட்டம்? அதுக்கு நீங்கள் 1790களுக்குப் போகவேணும்.

அமெரிக்காவில சண்டை முடிஞ்சு, பிரிட்டிஷ் பக்கம் நிண்ட சனம் 1783க்குப் பிறகு ஆயிரக்கணக்கில இஞ்சால வருது. அவையளுக்குக் காணி குடுக்கவேணும், காட்டை வெட்டவேணும், ராணுவம் போக ரோடு வேணும். அதுக்கு டவுன்ஷிப் எண்டு பெட்டி பெட்டியாப் பிரிச்சினம். பெட்டிக்குள்ள கன்செஷன் எண்டு வரிசை, வரிசைக்குள்ள லொட். அளக்கிறதுக்கு கன்ரர் செயின், 66 அடி நீளம், 100 இரும்புக் கண்ணி. 66 அடி எவ்வளவெண்டு உங்களுக்கு நல்லாத் தெரியும், 22 யார், கிரிக்கெட் பிட்ச். அந்தப் பிட்ச் நீளம் இந்தச் செயினில இருந்துதான் வந்தது. கன்செஷன் ரோட்டுக்கு எண்டு விட்ட அகலமும் ஒரு செயின்தான். ரோட்டுக்கு ரோடு 100 செயின், இப்பத்தைய கணக்கில 2 கிலோமீற்றர். ஷெப்பர்ட் வீதியில இருந்து ஃபின்ச் வீதிக்கும், லோரன்ஸ் வீதியில இருந்து எல்ஸ்மியர் வீதிக்கும் எவ்வளவு தூரம் எண்டு காரில ஒருக்கா பாருங்கோ. நீங்கள் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறது 230 வருஷத்துக்கு முந்தி காட்டுக்குள்ள இழுத்த செயினுக்கு மேலாலதான். ஸ்காபரோவில கன்செஷன் ஏரிக்கரைக்கு ஒத்துப்போகுது, அதுக்கு வடக்கால இருக்கிற மார்க்கம் (Markham) டவுன்ஷிப்பில அது யங் வீதிக்கு ஒத்து வடக்குத் தெற்கா ஓடுது. ரெண்டு பெட்டியும் பொருந்தாத இடங்களில ரோட்டை வளைச்சுத்தான் பிறகு ஒட்டினவை, ரெண்டுக்கும் நடுவில ஓடுற ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டேக்க சில ரோடு ஏன் நெளியுதெண்டு யோசிச்சவைக்கு இதுதான் விடை.

ஸ்காபரோவை அளந்தவர் ஒகஸ்டஸ் ஜோன்ஸ், யங் வீதிக் கோட்டை 1794ல இருந்து 1796க்குள்ள ஏரி சிம்கோ பக்கம் வரை கொண்டு போனதும் அவர்தான். அந்த வேலையை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. திசைகாட்டி ஒண்டு, செயின் பிடிக்க ரெண்டு பேர், கோடாலிக்காரர் ரெண்டு மூண்டு பேர். சதுப்பு, நுளம்பு, காய்ச்சல், இல்லாட்டி இடுப்பளவு பனி. திசைகாட்டி ஊசி இடத்துக்கிடம் ஆடும். செயின் இழுத்து இழுத்துக் கண்ணி தேஞ்சு நீளும், மேட்டில சரிவா பிடிச்சா பிழைக்கும், எத்தினை செயின் எண்டு எண்ணிறவன் ஒண்டை விட்டாப் போச்சு. (நான் ஒரு லட்சம் டொலர் மிஷினோட ரவுணுக்குள்ள நிண்டு கொண்டு சில நாளில பிழை விடுறன், ஆரைக் குறை சொல்ல.) மூலைக்கு ஒரு மரக்கட்டையை நட்டு, லொட் நம்பரை வெட்டி, பக்கத்து மரத்தில பட்டை சீவி அடையாளம் போட்டிட்டு அடுத்த லொட்டுக்கு நடை. இந்தப் பக்கம் ஆக முதல் முறையில கன்செஷனுக்கு முன்கோட்டில மட்டும்தான் கட்டை, பின்கோட்டை ஒருத்தரும் போய்ப் பாக்கவே இல்லை.

லொட் எண்டா பேப்பரில 20 செயின் அகலம், 100 செயின் நீளம், 200 ஏக்கர். நிலத்தில 20 செயின் எண்டு நட்டது உண்மையில 20 செயினும் 7 அடியுமா இருக்கும், பக்கத்து லொட்டில 5 அடி குறையும். குடியேறினவன் அந்தக் கட்டையைப் பாத்துத்தான் மரம் வெட்டினவன், மரக்குத்தி அடுக்கி வீடு கட்டினவன், முன்னால ரோட்டைத் துப்பரவாக்கினவன், அதெல்லாம் செய்தால்தான் உறுதியே கிடைக்கும். பிறகு இன்னொருத்தன் நல்ல செயினோட வந்து, உன்ர வீடு 7 அடி பக்கத்தவன்ர காணிக்குள்ள நிக்குது எண்டா அங்க கொலைதான் விழும். அதுதான் சட்டம் பிழையையே சரியெண்டு ஆக்கினது. கூடினாலும் குறைஞ்சாலும் கட்டைக்கு நடுவில இருக்கிறது உன்ர. கட்டை உக்கித் துலைஞ்சு போனா, அது நிண்ட இடத்துக்கு வேற சாட்சி இருக்கோ எண்டு தேடவேணும், பழைய வேலி, பழைய ஆக்கள் சொன்னது. ஒண்டுமே இல்லாட்டி மட்டும்தான் பக்கத்தில நிச்சயமாத் தெரியிற ரெண்டு கட்டைக்கு இடையில அளந்து பங்கு பிரிக்கிறது. அளவு எண்டது கடைசிச் சாட்சி. நீங்கள் முதல் சாட்சியைப் புடுங்கிப் போட்டு கடைசிச் சாட்சியைத் தூக்கிக்கொண்டு என்னோட சண்டைக்கு வாறீங்கள்.

இதையும் சொல்லாம விடேலாது. அந்தக் கட்டை நட்ட மண் சும்மா கிடந்த மண் இல்லை. ரொறன்ரோப் பக்கத்துக்கு 1787ல மிஸ்ஸிஸாகா எண்ட பூர்வகுடிச் சனத்திட்ட வாங்கினதா சொல்லுற உறுதி வெற்றுப் பேப்பர். எல்லையே எழுதேல்லை, தலைவர்மாரின்ர குறியை வேற கடதாசியில வாங்கி அதில ஒட்டியிருக்கு. அது செல்லாதெண்டு விளங்கி 1805ல திருப்பி எழுதினவை, 10 ஷில்லிங்குக்கு, 250,880 ஏக்கர். 2010ல தான் கனடா அரசாங்கம் 145 மில்லியன் டொலர் குடுத்து அந்தக் கணக்கை முடிச்சது. எங்கட ஸ்காபரோப் பக்கம் இன்னும் மோசம், ஏரிக்கரையில வெடி வச்சா சத்தம் எவ்வளவு தூரத்துக்குக் கேக்குமோ அவ்வளவும் எண்டு கதைச்ச ஒப்பந்தம், அதுக்குப் பேரே வெடிச்சத்த ஒப்பந்தம். அது 1923 வில்லியம்ஸ் ஒப்பந்தம் எண்டு இழுபட்டு 2018ல தான் தீர்வுக்கு வந்தது. காணியைக் குடுத்த சனத்துக்கு வெடிச்சத்தம் அளவு, எடுத்து விக்கிறவைக்குக் கண்ணி கண்ணியா செயின். காணி பறிபோன சனமெண்ட முறையில இது எங்களுக்கு உறைக்கவேணும்.

இனி உங்கட வீட்டுக்கு வருவம். உங்கட லொட் அந்த 200 ஏக்கரை 1960கள், 80களில பில்டர் துண்டு துண்டா வெட்டினதில ஒரு துண்டு. பதிவில "கன்செஷன் 3, லொட் இத்தினையில ஒரு பகுதி" எண்டு கிடந்தா அது ஜோன்ஸ் காலத்து விலாசம். துண்டு வெட்டேக்க சேர்வேயர் நட்ட இரும்புதான் உங்கட கட்டை, அதே சட்டம் அதுக்கும். வேலி இல்லை. வேலி பில்டரின்ர ஆள் பின்னேரம் வீட்ட போற அவசரத்தில போட்டது. நூறு வருஷப் பழைய பண்ணை வேலி எண்டா நான் தொப்பியைக் கழட்டிப் போட்டுத்தான் பாப்பன், அது உக்கின கட்டைக்குச் சாட்சி. 1987ல போட்ட பலகை வேலி ஒண்டுக்கும் சாட்சி இல்லை. சிற்றியின்ர மாப்பில தெரியிற கோடும் எல்லை இல்லை, வரி எடுக்கக் கீறின படம் அது. போனில ஜிபிஎஸ் பிடிச்சுக்கொண்டு வளவுக்க நடக்கிற ஆக்களோட நான் கதைக்கிறதே இல்லை.

முன் புல்லும் வீதி விளிம்பு வரைக்கும் உங்கட இல்லை. தார் போட்டது 28 அடியா இருக்கும், ரோட்டுக்கு விட்ட காணி 66 அடி. நீங்கள் கல்லுப் பதிச்சு சிங்கம் வச்சிருக்கிறது சிற்றிக் காணியில.

ரைட்டில் இன்சூரன்ஸ் (காணி உரித்துக்கு எடுக்கிற காப்புறுதி) இருக்கு, சேர்வே ஏன் எண்டு கேக்கிறவை, பொலிசியை ஒருக்கா வாசியுங்கோ. அது சில நட்டத்துக்குக் காசு தரும், எல்லை எங்க எண்டு சொல்லாது, வாங்கின பிறகு நீங்களே பிழையாப் போட்ட வேலிக்கு அவை ஏன் தரப்போகினம். ஊரில மாதிரி 10 வருஷ ஆட்சி இருந்தா எனக்குத்தான் எண்டு நினைக்கிறவைக்கும் ஒரு சொல்லு. இஞ்ச காணி லாண்ட் ரைட்டில்ஸ் எண்ட அரசாங்கக் காணிப் பதிவுக்குள்ள வந்த பிறகு அந்தக் கணக்கு ஓடாது. அதுக்கு முந்தியே 10 வருஷம் முடிஞ்சிருந்தால் மட்டும் லோயரிட்டப் போங்கோ.

வீடு வாங்கேக்க பழைய சேர்வே ரிப்போர்ட் இருக்கோ எண்டு விக்கிறவரிட்ட கேளுங்கோ, கேக்கிறது இலவசம். வேலி, டெக், கீழ்வீட்டுக்குப் பக்கவாசல் படி, எது போடுறதெண்டாலும் மண்ணில கை வைக்க முதல் ஒன்ராறியோ வன் கோலுக்கு அடியுங்கோ, காஸ் பைப்பையும் கரண்ட் வயரையும் வந்து குறிச்சுத் தருவினம், அதுக்கும் காசில்லை. எல்லையில வேலை எண்டா லைசன்ஸ் உள்ள சேர்வேயரைப் பிடியுங்கோ, மச்சான்ர கூட்டாளி லேசர் வச்சிருக்கிறான் எண்டு கூட்டியராதேங்கோ. நாங்கள் பக்கத்து வளவுக்க கால் வச்சா கத்தாதேங்கோ, போக எங்களுக்குச் சட்டத்தில உரிமை இருக்கு, இருந்தும் நாங்கள் பெல் அடிச்சுச் சொல்லிப்போட்டுத்தான் போறனாங்கள். வேலிக்காரரிட்ட முதலே இரும்பைக் காட்டி, இதில முட்டினா காசில்லை எண்டு சொல்லி வையுங்கோ. பக்கத்து வீட்டோட ஒரு தேத்தண்ணி குடிச்சுக் கதையுங்கோ. தயவு செய்து.

தப்பித்தவறி இரும்பு கழண்டிட்டுதெண்டா அந்தக் குழியை மூடாதேங்கோ, ஒரு படம் எடுத்துப் போட்டு எங்களுக்கு அடியுங்கோ. நீங்களே திருப்பி நடக்கூடாது. கழட்டினதை விட அது கேடு, ஏனெண்டா கழண்ட இரும்பு பொய் சொல்லாது, பிழையான இடத்தில நிக்கிற இரும்பு வாற அறுபது வருஷத்துக்குப் பொய் சொல்லும், என்னைப் போல ஒருத்தன் வந்து அதை நம்பி அளப்பான்.

இதையெல்லாம் பாகற்காய் அண்ணைக்கும் நிண்டு விளங்கப்படுத்திப் போட்டுத்தான் வந்தனான், பையில காயும் போட்டுத் தந்தவர். இரவு ஒன்பது மணிக்கு வட்ஸப்பில ஒரு படம். வேலிக்கரையில, தலைப்புக்குப் புதுச் சிவப்புப் பெயின்ற் அடிச்சு, செங்குத்தா அந்தக் கம்பி. "தம்பி, பிழைதான், திருப்பி அடிச்சுப் போட்டன், இப்ப ஓகேதானே?"