பிரதேச செயலாளரின் முத்திரையும் புது லெப்டொப்பும்

உப்புவெளியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் திருகோணமலை வளாகத்தில் படிக்க இடம் கிடைத்தது. தகப்பன் சீட்டுக்காசை எடுத்து லெப்டொப் வாங்கிக் கொடுத்தார். பெட்டியைப் பிரித்த கையோடு அவள் கேட்டாள்: "மாமா, இதுக்குள்ள எங்களுக்குத் தெரியாம ஏதும் ஒளிச்சிருந்து பாக்குமோ?"

கேட்க வேண்டிய கேள்விதான். முன்னர் அப்படி நடந்திருக்கிறது.

விசைப்பலகையில் அழுத்தும் எழுத்து நேரே திரைக்குப் போவதில்லை. விண்டோஸ் அதை வாங்கி, கேட்டுக் காத்திருக்கும் மென்பொருள்களுக்குக் கொடுக்கிறது. மைக்கை நிறுத்தும் விசைக்காக ஒலி ட்ரைவரும், அதாவது ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருளும், அந்த வழியில் நிற்கும். தன் விசை வந்தால் எடுத்துக்கொண்டு, மற்றதை அது விட்டுவிட வேண்டும். 2017 மே மாதம் சுவிட்சர்லாந்தின் மொட்சீரோ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் பார்த்தபோது, சில எச்பி லெப்டொப்களில் கொனெக்சன்ட் நிறுவனத்தின் ஒலி ட்ரைவர் எல்லா விசைகளையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டிருந்தது. கடவுச்சொற்களும் அதற்குள். அந்தக் கணினியில் யார் உட்கார்ந்தாலும் திறக்கக்கூடிய பொது ஃபோல்டரில் கோப்பு கிடந்தது. பிழை தேடச் சேர்த்த பகுதி அகற்றப்படாமல் போய்விட்டது என்று எச்பி விளக்கம் சொன்னது.

லெனோவோ விஷயம் மறதியில் நடந்ததல்ல. 2014 செப்டெம்பர் முதல் சில மாதிரிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளைப் போட்டே விற்றார்கள். நாம் பார்க்கும் பக்கங்களுக்குள் பொருள் விளம்பரங்களைச் செருகுவது அதன் வேலை. ஆனால் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக்குறி உள்ள பக்கங்கள் மறைகுறியாக்கப்பட்டு வருபவை, நடுவில் நிற்பவரால் வாசிக்க முடியாது. சூப்பர்ஃபிஷ் எப்படி வாசித்தது?

கிராம சேவகர் தரும் வதிவிடச் சான்றிதழை வங்கி ஏன் ஏற்கிறது? பிரதேச செயலாளர் மேலொப்பமிட்டு முத்திரை குத்தியிருப்பதால். இணையமும் அப்படித்தான். வங்கியின் தளம் ஒரு சான்றிதழைக் காட்டும். அதற்கு மேலொப்பமிட்டவரின் பெயர் உங்கள் கணினியின் நம்பகப் பட்டியலில் இருந்தால் பூட்டுக்குறி தோன்றும். சூப்பர்ஃபிஷ் தன் பெயரையே அந்தப் பட்டியலில் எழுதிவிட்டது. பிறகு வங்கியிடம் உங்களைப் போலவும் உங்களிடம் வங்கியைப் போலவும் பேசி, போகும் தளத்துக்கெல்லாம் அந்த நொடியிலேயே பொய்ச் சான்றிதழ் அடித்தது. நடுவில் எல்லாம் பிரித்த கடிதம். பூட்டுக்குறி மட்டும் மாறவே இல்லை.

இன்னும் கொடுமை, அந்தப் பொய்ச் சான்றிதழ்களில் குத்தும் முத்திரைக் கட்டையே, அதாவது இரகசியச் சாவிக் கோப்பே, ஒவ்வொரு லெப்டொப்பின் உள்ளேயும் கிடந்தது. எல்லாவற்றிலும் ஒரே கட்டை. 2015 பெப்ரவரியில் ரொபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அதைப் பூட்டியிருந்த கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தார்: 'கொமோடியா'. இடைமறிக்கும் பகுதியைச் செய்த நிறுவனத்தின் பெயர்தான் அது! அதற்குப் பிறகு, தேநீர்க் கடை வைஃபையில் பக்கத்து மேசையில் இருப்பவர்கூட அந்த லெப்டொப்புக்கு வங்கியாக வேடம் போடலாம். மென்பொருளை அழித்தாலும் பட்டியலில் பெயர் மிஞ்சியது. பிறகு லெனோவோ அகற்றும் கருவி வெளியிட்டது. 2017இல் அமெரிக்காவின் 32 மாநிலங்களுக்கு 35 இலட்சம் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது.

கண்டதையெல்லாம் உளவு என்றும் சொல்லிவிட முடியாது. 2011இல் சம்சுங் லெப்டொப்களில் விசைகளைப் பதியும் மென்பொருள் இருப்பதாகச் செய்தி பரவியது. நடந்தது இதுதான்: விண்டோஸுக்குள் 'எஸ்எல்' என்ற ஃபோல்டரைக் கண்ட ஒரு பாதுகாப்பு மென்பொருள், உள்ளே பாராமல் பெயரை மட்டும் வைத்துக் குற்றம் சொல்லிவிட்டது. அந்த ஃபோல்டர் ஸ்லோவேனிய மொழிக்கானது. பழியைச் சுமந்தது சம்சுங்.

அன்று பின்னேரம் பிள்ளையோடு இருந்து பார்த்தோம். வங்கிப் பக்கத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கக் குறியை அழுத்தி, சான்றிதழை விரித்து, 'வழங்கியவர்' என்ற வரியை அவளே வாசித்தாள். சூப்பர்ஃபிஷ் இருந்த லெப்டொப்பில் எந்த வங்கியைத் திறந்தாலும் அந்த வரியில் சூப்பர்ஃபிஷின் பெயர்தான் நிற்கும். இதில் அறியப்பட்ட சான்றிதழ் நிறுவனமே இருந்தது. நம்பகப் பட்டியலையும் பார்த்தோம், புதுப் பெயர் இல்லை. அவள் கேட்காத இரண்டு மென்பொருள்கள் இருந்தன, அழித்தோம்.

தகப்பன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பிஸ்கட் பெட்டியிலயே உள்ளுக்கு என்ன போட்டிருக்கெண்டு எழுதியிருக்கு. இதில ஏன் தம்பி எழுதேல்லை?"

லெப்டொப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செயலி, நினைவகம், எடை எல்லாம் இருந்தன. போட்டுத் தந்த மென்பொருள்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.