முட்டி வலியும் இறுகிப்போன தொடையும்: மலை ஏறி வேலைக்குப் போகிறவர்களுக்காக

கம்பம் பள்ளத்தாக்கில் பிசியோதெரபி பார்க்கிறவர்களுக்கு, மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாகிவிட்டதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆவணி பிறந்ததும் முட்டி வலியோடு வருகிறவர்களின் கூட்டமே சொல்லிவிடும். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி பக்கமிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலமே திரும்பிவிடுகிற பெண்கள் ஏராளம். அவர்களில் பலர் கையில் ஒரு எக்ஸ்ரேயோடுதான் வருவார்கள். சொல்வதும் ஒன்றுதான்: "முட்டி தேஞ்சுபோச்சாம் சார்."

தேய்மானமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தால், வலியே இல்லாத பலருக்கும் ஏதோ ஒரு தேய்மானம் தெரியத்தான் செய்யும். படத்தில் நிறையத் தேய்ந்திருந்தும் தாராளமாக நடப்பவர்கள் உண்டு. படம் சுத்தமாக இருந்தும் படி இறங்க முடியாதவர்களும் உண்டு. "தொடையையும் கெண்டைக்காலையும் யாராவது தொட்டுப் பார்த்தாங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். வலிக்கிற இடத்தை மட்டும் படம் பிடித்துவிட்டு, அந்த இடத்துக்குச் சுமையை அனுப்புகிற தசைகளை விட்டுவிடுகிறோம்.

முழங்காலைக் கடந்து போகும் பெரிய தசைகளில் பல, இடுப்பிலோ கணுக்காலிலோ போய்ப் பிடித்திருப்பவை. முன்தொடைத் தசையின் ஒரு பகுதி இடுப்பெலும்பில் தொடங்கி, முழங்கால் சில்லைத் தனக்குள் வைத்துக்கொண்டு, கீழ்க்கால் எலும்பில் முடிகிறது. அது இறுகினால் முட்டி மடங்கும் ஒவ்வொரு தடவையும் சில்லு தொடை எலும்போடு கூடுதலாக அழுந்தும். பின்தொடைத் தசை இறுகியிருந்தால், காலை நீட்டுவதற்கு முன்தசை அதையும் எதிர்த்து இழுக்க வேண்டும். அந்தச் சுமையும் சில்லின் மேல்தான் விழும். கெண்டைக்கால் இறுகினால் கணுக்கால் முன்பக்கமாகப் போதுமான அளவு மடங்காது. இறக்கத்தில் கால் வைக்கும்போது பாதம் உள்பக்கம் சரிய, முட்டியும் கூடவே உள்ளே திரும்பும்.

சில்லுக்குப் பின்னால் விழும் அழுத்தத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது அது உடல் எடையில் ஏறத்தாழப் பாதி. படி ஏறி இறங்கும்போது சுமார் 3 மடங்கு. ஆழமாகக் குத்தவைத்து எழும்போது 7 மடங்குக்கும் மேல். 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது கிட்டத்தட்ட 400 கிலோ. இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான மூட்டு இதைத் தாங்கும், தசைகள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டால்.

இப்போது ஏலத்தோட்டத்தில் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். நெருக்கியடித்த ஜீப்பில் முட்டியை மடக்கியபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். இறங்கியதும் உடம்பு சூடாகுமுன்னே மேடு ஏறுவது. ஏலத்தில் காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து கிடக்கும். ஒவ்வொரு தூரிலும் குத்தவைத்து, முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறித்து, எழுந்து, அடுத்த தூருக்கு நகர வேண்டும். நாள் முழுக்க இதுதான், அதுவும் சரிவில். சாயங்காலம் களைத்த காலோடு இறக்கம், மறுபடி ஜீப். தொடை இறுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அப்படி வந்த ஒரு அக்காவைக் குப்புறப் படுக்கச் சொல்லி இடது காலை மெதுவாக மடக்கினேன். குதிகால் பிட்டத்தைத் தொட இன்னும் ஒரு சாணுக்கு மேல் இருக்கும்போதே நின்றுவிட்டது. கொஞ்சம் அழுத்தினேன். இடுப்பு மேசையை விட்டு எழும்பியது.

"எங்கக்கா இழுக்குது?"

"முட்டியில இல்ல சார். முன்தொடையில, கவட்டை வரைக்கும் இழுக்குது."

அடுத்து சுவர் முன்னால் நிற்கவைத்தேன். பெருவிரலைச் சுவரிலிருந்து நாலு விரல்கடை தள்ளி வைத்து, குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். வலது முட்டி தொட்டது. இடது தொடவில்லை, குதிகால் தூக்கிக்கொண்டது. வலியும் இடது முட்டியில்தான். பத்து சென்டிமீட்டர் தள்ளி வைத்தும் தொட முடிந்தால் கணுக்கால் நன்றாக மடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள், அதுதான் நிறையச் சொல்லும்.

அந்த அக்கா வேறு ஓரிடத்தில் காட்டிவிட்டு வந்தவர். "கீழ ஒக்காரக் கூடாதுன்னாங்க, மேடு பள்ளம் நடக்கக் கூடாதுன்னாங்க. அப்ப கஞ்சிக்கு என்ன செய்ய சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூலிக்குப் போகிறவரிடம் வேலையை விடச் சொல்வதை வைத்தியம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மிஞ்சிப்போனால் பத்து நாள் ஓய்வெடுப்பார். தசை அதற்குள் இன்னும் பலமிழக்கும். பழைய வேகத்தில் வேலைக்குத் திரும்பியதும் வலி முன்னைவிட மோசமாகும். சுமையைப் பகிர்ந்து குறைத்து, காலைத் தயார்ப்படுத்துவதுதான் வழி.

வேலையில் சின்ன மாற்றங்கள்: எல்லாத் தூரிலும் ஒரே மாதிரி குத்தவைக்காமல், ஒரு முட்டியை மடித்த சாக்கின் மேல் ஊன்றி மாற்றி மாற்றிப் பறிக்கலாம். கையோடு ஒரு சின்னப் பலகை கொண்டுபோய் உட்காரலாம். இறக்கத்தில் நேராக இறங்காமல் வளைந்து வளைந்து, குட்டை அடியாக, கம்பு ஊன்றி இறங்கினால் முட்டிக்கு நிறைய மிச்சம். ஜீப்பில் கால் நீட்ட இடம் இல்லாவிட்டாலும் குதிகாலையும் விரல் நுனியையும் மாற்றி மாற்றித் தூக்கலாம்.

இனி தசையைத் தளர்த்துவது. கெண்டைக்காலுக்கு, ஜீப்புக்குக் காத்திருக்கும்போதே செய்யலாம். சுவரிலோ ஜீப்பின் பக்கவாட்டிலோ கையை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி நில்லுங்கள். 30 வினாடி. பிறகு அதே முட்டியை லேசாக மடக்கி இன்னொரு 30 வினாடி, உள்ளே இருக்கும் இரண்டாவது தசைக்கு. முன்தொடைக்கு, ஒருக்களித்துப் படுத்து, மேல்காலின் கணுக்காலைக் கையாலோ பழைய சேலைத் துணியாலோ பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். முதுகை வளைத்துவிட்டால் தொடை நீளாது, அதனால் வயிற்றை உள்ளே பிடித்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது சில்லுக்கு அடியில் வலித்தால் மடக்குவதைக் குறைத்து, தொடையை மட்டும் பின்னால் கொண்டுபோங்கள். பின்தொடைக்கு, மல்லாந்து படுத்து, பாதத்தில் துண்டைப் போட்டுக் காலை உயர்த்தி, முட்டியை நீட்டப் பாருங்கள். நின்றுகொண்டு குனிந்து கால்விரலைத் தொடும் பழக்கத்தை விடுங்கள். அதில் முதுகுதான் வளைகிறது.

ஒவ்வொன்றும் 30 வினாடி, இரண்டு மூன்று முறை, தினமும். வெடுக்கென்று ஆட்டி ஆட்டி இழுக்கக் கூடாது. இழுப்பு தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது.

பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். இறுகிய தசை பெரும்பாலும் பலமில்லாத தசையாகவும் இருக்கிறது. தாங்க முடியாத வேலையைச் செய்யும்போது தசை விறைத்துக்கொள்கிறது. இழுத்துத் தளர்த்தி, பலப்படுத்தாமல் விட்டால் நாலாவது நாள் அதே இறுக்கம் திரும்பி வரும். சில்லைச் சுற்றி வரும் வலிக்கு, தொடையையும் இடுப்பையும் சேர்த்துப் பலப்படுத்தும் பயிற்சிதான் ஆய்வுகளில் நன்றாக நிரூபணமானது. இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலமாக இருந்தால்தான் இறங்கும்போது முட்டி உள்ளே சரியாது.

நான் சொல்லித்தருபவை நான்குதான். நாற்காலியில் கை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருவது. மல்லாந்து முட்டியை மடக்கி, பிட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்குவது. ஒருக்களித்துப் படுத்து, நீட்டிய மேல்காலைக் கொஞ்சம் பின்பக்கமாக வைத்துத் தூக்கி இறக்குவது. வாசற்படி உயரத்திலிருந்து ஒரு காலால் மெல்ல இறங்கி, குதிகால் தரையைத் தொட்டதும் திரும்ப ஏறுவது. கடைசிப் பயிற்சியில் முட்டி கால்விரலுக்கு நேராகவே போகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் செய்த பிறகு பலனைப் பற்றிப் பேசலாம். உடல் எடை கூடுதலாக இருந்தால் அதையும் குறைக்க வேண்டும். 1 கிலோ குறைந்தாலே ஒவ்வொரு அடியிலும் மூட்டின் மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது.

எண்ணெய் பற்றிக் கேட்காதவர் இல்லை. எல்லை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் உழிச்சலுக்கு, அதாவது எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதற்கு, பஞ்சமில்லை. அதில் கிடைக்கும் சுகம் உண்மைதான், சூடும் அழுத்தமும் தசையைக் கொஞ்ச நேரம் தளர்த்தும். அந்த நேரத்தை வீணாக்காமல், எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்த பிறகு மேலே சொன்ன நீட்சிகளைச் செய்யச் சொல்வேன். ஆனால் சூடாகி வீங்கிய முட்டியை அமுக்கித் தேய்க்கவே கூடாது. அதைவிடக் கவலை, கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள். வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் எல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

இளைஞர்கள் கதை வேறு. போலீஸ் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று, அதுவரை ஓடாத பையன்கள் ஒரே வாரத்தில் தினமும் தார்ச்சாலையில் ஓட ஆரம்பிக்கிறார்கள். போதாததற்குத் தவளைப் பாய்ச்சல் வேறு. முட்டியின் வெளிப்பக்கம், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே தூரம் ஓடியதும் வலி பிடித்தால், தொடையின் வெளிப்புறப் பட்டை உரசி அழுந்துகிறது என்று சந்தேகிக்கலாம். அந்தப் பட்டை கெட்டியான சவ்வு, உருளை வைத்து உருட்டினால் நீளாது. ஓட்டத்தைக் குறைத்து, இடுப்பைப் பலப்படுத்தி, தூரத்தை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இரண்டு மாதம் முன்னால் தொடங்கினால் இந்த வலியே வராது, தம்பிகளா.

ஐயப்பன் கோவிலுக்குப் போய் வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் இறக்கத்தில் வந்த வலி. 41 நாள் விரதம் என்பது ஏறத்தாழ ஆறு வாரம். தசை பலம் பெற அதுவே போதுமான காலம். மாலை போட்ட நாளிலிருந்தே தினமும் நடந்து, மேலே சொன்ன நான்கையும் செய்து வந்தால் மலை இறங்கும்போது வித்தியாசம் தெரியும்.

"ஜவ்வு கிழிஞ்சிருச்சு, ஆபரேஷன்தான்" என்று கேட்டு நடுங்கி வருகிறவர்களுக்கு ஒன்று. 2016-ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த நார்வே ஆய்வில், முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் ஜவ்வு வயதால் கிழிந்த 140 நடுவயதினரைப் பிரித்து, பாதிப்பேருக்குத் துளைவழி அறுவையும் மீதிப்பேருக்கு 12 வாரப் பயிற்சியும் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து முட்டியின் நிலையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே அவசரம் வேண்டாம். அடிபட்டதும் உடனே வீங்கினாலோ, மடக்கிய முட்டி நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, கால் ஊன்றவே முடியாவிட்டாலோ கதை வேறு, உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

இந்தக் கட்டுரையை வைத்து வைத்தியம் பார்க்கக் கூடாத வலிகள் இன்னும் சில உண்டு. காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம், அதைத் தேய்த்துவிடக் கூடாது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, கை விரல் மூட்டுகளிலும் வீக்கம் என்றால் வாத நோயா என்று இரத்தப் பரிசோதனை வேண்டும். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மாதக்கணக்கில் மூட்டு வலி நிற்பதுண்டு, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளை முட்டி வலிக்கிறது என்று நொண்டினால் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வயதில் இடுப்புக் கோளாறு முட்டியில் வலியாகத் தெரிவதுண்டு.

தோட்டத்துக்குப் போகிறவர்கள் வலி வந்தபின் வருவதைவிட, காய் எடுப்பு ஓய்கிற மாசி, பங்குனியில் ஒருதரம் வந்து தொடை, கெண்டைக்கால், இடுப்பு மூன்றையும் பார்த்துவிட்டுப் போங்கள். சித்திரையில் பயிற்சி தொடங்கினால் அடுத்த சீசனுக்குள் மூன்று மாதம் கையில் இருக்கும். வரும்போது முட்டிக்கு மேல் ஏற்றிவிடக்கூடிய தளர்ந்த உடுப்பாகப் போட்டு வாருங்கள், தோட்டத்துக்குப் போடும் செருப்பையே போட்டு வாருங்கள். அது ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.